ஐந்தாம் நாள்

புலாவ் டிக்குஸ் சந்தையில் காலை ஆறேகாலுக்கு
இரண்டு முழம் பன்றிக்குடல் கேட்பேன்.
கழுவாதது. கொழுப்பு அரியாதது.
ஆ கியாட் ஒவ்வொரு வியாழனும் சிரிப்பார்:
கோய் சாப் கடை போட்டாச்சா, தங்காச்சி?
வெளிச்சத்தால் ஒட்டப் போகிறேன் என்று
ஒருமுறை மலாயில் சொல்லிவிட்டேன்.
பரிதாபப்பட்டு ஒரு சாண் கூடுதலாகத் தந்தார்.

மருத்துவமனையின் பின்கட்டில்
ஜன்னல் இல்லாத அறை.
ஹஸ்லிண்டா அளவுமானிப் பக்கம்,
குடல் கிடக்கும் பக்கம் நான்.
பேசி வைத்ததில்லை, அப்படி அமைந்தது.
வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து,
வெள்ளைக்கரு மாதிரிக் குழம்பில்
பச்சைச் சாயம் கலந்து தடவுவேன்.
கண்ணாடி, என்பாள் அவள்.
லேசர் கண்ணுக்குத் தெரியாது.
வழிகாட்ட வரும் சிவப்புப் புள்ளி மட்டும்
விளிம்பில் எறும்புபோல ஊரும்.

அறுபது டிகிரியில் சதையின் முப்புரி அவிழும்.
அவிழ்ந்தது பக்கத்து வீட்டு முப்புரியோடு
சிக்கிக்கொண்டால் ஒட்டு.
எழுபதைத் தாண்டினால் அப்பளம்.
இந்தப் பத்து டிகிரிக்குள்
இரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன்.

ஊசியை எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.
தையல் என்றால் பெண் என்றும் பொருள்;
ஆண்கள் நிறைந்த அறுவை அரங்கில்
இரண்டு பொருளுக்கும் நான் ஒருத்திதான் இருந்தேன்.
ஆனால் ஊசி ஓர் ஓட்டையை அடைக்க
இருபது ஓட்டை போடும்.
இறுக்கினால் ரத்தம் ஓடாமல் விளிம்பு சாகும்,
தளர்த்தினால் கசியும்.
கசிவு மூன்றாம் நாள் வாய் திறக்காது.
நாலாம் நாளும்.

பத்துமலைக்கு ஐந்தாம் நாள்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
காலையில் மைலோ கேட்டார், கொடுத்தோம்.
மதியம் நாடி நூற்றிருபது.
சாயந்திரம் வயிறு பலகை.
இரவு, நான் போட்டதை நானே திறந்தேன்.
ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இடையில்
கடுகு நுழையும் இடம்.
பிழைத்தார், இடுப்பில் பையோடு.

எட்டு மாதமாகக் கிளினிக்கில் ஒரே கேள்வி:
"என்னா டாக்டர், அந்த லைட்டு ரெடியாச்சா லா?"
யாரோ நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.
இன்னும் பன்றியில்தான் இருக்கிறோம் என்றேன்.
"நம்ம முறை எப்போ?"
உயிருள்ள விலங்கு, அனுமதி, குழு, மறுபடி அனுமதி...
விரல்விட்டு எண்ணிக் கை போதாமல் நிறுத்தினேன்.
"அப்போ நூலே போடுங்க.
இந்த வாட்டி நல்லா இறுக்கி."
இறுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

சென்ற வியாழன் பதினேழாம் துண்டு.
நீலத் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கூட்டினோம்.
ஐம்பது. எண்பது. நூற்றுப் பத்து.
ஒப்பிடத் தைத்து வைத்தது நாற்பதிலேயே
ஊசித் துளைகளில் நீலமாக வியர்த்திருந்தது.
இது காய்ந்து கிடந்தது.
ஹஸ்லிண்டா மூச்சு விடவில்லை.
நூற்று முப்பதில் கிழிந்தபோதும்
ஒட்டில் இல்லை, நாங்கள் தொடாத நல்ல குடலில்.

பதினெட்டாவது முப்பதில் பிரிந்தது.
அதே கை, அதே சாயம், அதே பன்றி.

செவ்வாயன்று பத்துமலையின் இரு முனைகளையும்
நூலால்தான் சேர்த்தேன்.
முடிச்சு ஒவ்வொன்றிலும்
கொஞ்சம் போதுமா, கொஞ்சம் அதிகமா என்று
விரல் என்னைக் கேட்டது.
நாலு நாள் குடல் ஊமை.

ஞாயிறு எனக்கு விடுமுறை. போனேன்.
சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்:
"ஒண்ணு சொல்லணும் டாக்டர், தப்பா நெனைக்காதீங்க.
ராத்திரி மூணு மணிக்குப் போச்சு.
சத்தமா லா. பக்கத்துக் கட்டில் அங்கிள் எழுந்துட்டாரு."

வயிற்றில் பால் வார்த்தாய் என்பார்கள்.
எனக்கு அவர் வார்த்தது காற்று.
குறிப்பேட்டில் எழுதினேன்: வாயு பிரிந்தது. காய்ச்சல் இல்லை.

மைலோ கேட்டார்.
கொடுக்கச் சொல்லிவிட்டுக்
கட்டிலோரம் நின்றேன்,
குவளை காலியாகும்வரை.